எறிந்த பந்தும் இரண்டு விடைகளும்

இருபது மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி விளிம்பில் நின்றுகொண்டு, ஒரு பந்தைச் செங்குத்தாக மேல்நோக்கி, வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பந்து மேலே சென்று, ஒரு கணம் நின்று, திரும்பி, மாடியைக் கடந்து தரையில் விழுகிறது. எறிந்த கணத்திலிருந்து எத்தனை வினாடிகளில் அது தரையைத் தொடும்?

கல்லூரி முதலாண்டு வகுப்பில் இக்கணக்கைக் கொடுத்தால் பெரும்பாலான மாணவர்கள் தவறின்றிச் செய்துவிடுவர். கணக்கு எளிதாவதற்காகப் புவியீர்ப்பு முடுக்கத்தை வினாடிக்கு வினாடி 10 மீட்டர் என்று கொள்வோம் (உண்மையில் ஏறத்தாழ 9.8). காற்றின் தடையையும் விட்டுவிடுவோம். அப்போது ந வினாடிகளுக்குப் பின் தரையிலிருந்து பந்தின் உயரம் உ மீட்டர் என்றால்,

உ = 20 + 15ந − 5ந²

தரையைத் தொடும்போது உயரம் பூச்சியம். ஆகவே 20 + 15ந − 5ந² = 0. இதை −5 ஆல் வகுத்தால் ந² − 3ந − 4 = 0. அதாவது (ந − 4)(ந + 1) = 0. விடைகள் இரண்டு: 4, −1.

"நேரம் எதிர்க்குறி பெறாது, எனவே −1 என்ற விடையை விலக்குக" என்று எழுதிவிட்டு மாணவர்கள் அதன்மேல் ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். விடை 4 வினாடி. மதிப்பெண்ணும் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. நாம் கேட்டது ஒரு நேரம். சமன்பாடு ஏன் இரண்டு நேரங்களைச் சொல்லிற்று? அந்த −1 வெறும் குப்பைதானா? இந்த வினாவைப் பின்தொடர்ந்து சென்றால், இருபடிச் சமன்பாடு என்னும் பழைய நண்பனிடம் நாம் கவனிக்காமல் விட்ட பல செய்திகள் தெரியவரும். அவற்றுள் ஒன்று, சாலையில் உயிரைக் காக்கக்கூடிய செய்தி.

வளைகோடும் கிடையச்சும்

ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடையச்சில் நேரத்தையும், நிலையச்சில் உயரத்தையும் குறியுங்கள். ந = 0 என்றால் உ = 20; ந = 1 என்றால் 30; ந = 2 என்றால் மறுபடியும் 30; ந = 3 என்றால் 20; ந = 4 என்றால் 0. இப்புள்ளிகளை இணைத்தால் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு வளைகோடு கிடைக்கிறது. இதுவே பரவளையம். இதன் உச்சி ந = 1.5 என்னுமிடத்தில், 31.25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சிக்கு இருபுறமும் வளைகோடு ஒரே மாதிரி இறங்குகிறது. கண்ணாடியில் பார்த்த உருவம் போல, வலப்புறம் உள்ளது இடப்புறமும் உண்டு.

"பந்து எப்போது தரையைத் தொடும்?" என்ற வினாவுக்கு இப்படத்தில் ஒரே பொருள்தான்: வளைகோடு கிடையச்சை எங்கே வெட்டுகிறது? பாடநூல்கள் எக்ஸ் அச்சு என்று கூறும் கோடுதான் இக்கிடையச்சு. வலப்புறத்தில் ந = 4 என்னும் இடத்தில் வெட்டுகிறது. உச்சியிலிருந்து அது 2.5 வினாடி தள்ளி உள்ளது. எனவே சமச்சீர் காரணமாக இடப்புறத்திலும் 2.5 வினாடி தள்ளி, ந = −1 என்னுமிடத்தில் மற்றொரு வெட்டுப்புள்ளி இருந்தே தீரவேண்டும். நாம் பந்தை எறிந்த கணம் ந = 0. வளைகோட்டுக்கு அது தெரியாது. அது பின்னோக்கியும் நீண்டு செல்கிறது.

இப்போது −1 க்குப் பொருள் விளங்குகிறது. பந்தை நாம் மாடியிலிருந்து எறியவில்லை. வேறொருவர் ஒரு வினாடிக்கு முன்னரே தரையிலிருந்து, வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிந்தார் என்று கொள்வோம். ஒரு வினாடியில் அப்பந்து 25 − 5 = 20 மீட்டர் உயர்ந்து நம் மாடிக்கு வந்திருக்கும். அதன் வேகம் 25 − 10 = 15 ஆகக் குறைந்திருக்கும். மாடியைக் கடக்கும் அக்கணத்தில் அந்தப் பந்துக்கும் நாம் எறிந்த பந்துக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை. சமன்பாட்டில் நாம் எழுதியது இயக்கத்தின் விதியை மட்டுமே. எறிந்தவர் யார், எங்கிருந்து என்பதை நாம் அதில் எழுதவே இல்லை. ஆகவே சமன்பாடு நேர்மையாக இரு நிகழ்ச்சிகளையும் சொல்லிற்று. பிழை அதனுடையதன்று.

வேறோர் உயரத்தைப் பற்றிக் கேட்டாலும் இதே முறைதான். "பந்து எப்போது 30 மீட்டர் உயரத்தில் இருக்கும்?" என்று கேட்டால், கிடையச்சையே 30 மீட்டர் மேலே நகர்த்திவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம். அங்கே அது வளைகோட்டை ந = 1, ந = 2 என்னும் இரு இடங்களில் வெட்டுகிறது; ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. இங்கே இரு விடைகளும் நமக்கு வேண்டும்.

ஸ்ரீதரர் காட்டிய வழி

மேலே கண்ட சமன்பாட்டை எளிதில் காரணிப்படுத்த முடிந்தது. பெருக்கினால் −4 வரவேண்டும், கூட்டினால் −3 வரவேண்டும். எந்த இரு எண்கள்? −4, 1. தேர்வுத்தாளில் வரும் சமன்பாடுகள் பெரும்பாலும் இவ்வாறு அமைத்துக் கொடுக்கப்பட்டவை. ஆய்வுக்கூடத்தில் அளந்தெடுத்த எண்கள் அவ்வளவு பணிவானவை அல்ல. எல்லாச் சமன்பாடுகளுக்கும் பொருந்தும் பொது வழி ஒன்று தேவை.

தெரியாத எண்ணை ய என்று குறிப்போம். இக்குறிக்கு ஒரு பழைமை உண்டு. பண்டைய இந்தியக் கணிதர்கள் தெரியாத எண்ணை 'யாவத்-தாவத்' (எவ்வளவோ அவ்வளவு) என்று கூறி, அதன் முதலெழுத்தாகிய 'யா'வைக் குறியாக எழுதினர். பொதுவான இருபடிச் சமன்பாடு:

கய² + சய + ட = 0

இதில் க, ச, ட என்பவை நமக்குத் தெரிந்த எண்கள், க பூச்சியமன்று. இதைத் தீர்க்கப் பாடநூல்கள் முதலில் க ஆல் வகுத்து, பின்பு வர்க்கப் பூர்த்தி செய்யச் சொல்கின்றன. பின்னங்கள் குவிந்து மாணவர்கள் குழம்புவது இங்கேதான். ஸ்ரீதரர் என்னும் கணிதர் இதைவிட அழகான வழி ஒன்றைக் கூறியுள்ளார். அவருடைய இயற்கணித நூல் இன்று கிடைக்கவில்லை. 1150 இல் இயற்றிய தம் நூலில் இரண்டாம் பாஸ்கரர் அவ்விதியை எடுத்துக் கூறியதால் அது நமக்குத் தெரியவந்தது.

விதி இதுதான்: இருபுறமும் வர்க்கக் கெழுவின் நான்கு மடங்கால், அதாவது 4க ஆல், பெருக்குக. பின்பு தெரியாத எண்ணின் கெழுவின் வர்க்கத்தை, அதாவது ச² ஐ, இருபுறமும் கூட்டுக.

4க²ய² + 4கசய + 4கட = 0
4க²ய² + 4கசய + ச² = ச² − 4கட
(2கய + ச)² = ச² − 4கட

ஒரு பின்னம்கூட வரவில்லை! வர்க்கமூலம் எடுத்தால் 2கய + ச = ±√(ச² − 4கட). ஆகவே,

ய = (−ச ± √(ச² − 4கட)) ÷ 2க

நாம் மனப்பாடம் செய்த சூத்திரம் வந்துவிட்டது. இதைப் படத்தோடு பொருத்திப் பாருங்கள். −ச ÷ 2க என்பது சமச்சீர் அச்சு இருக்குமிடம். ± குறிக்குப் பின்வரும் பகுதி, அந்த அச்சிலிருந்து வலப்புறமும் இடப்புறமும் எவ்வளவு தள்ளிச் சென்றால் வெட்டுப்புள்ளிகள் கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. நம் பந்துக்கு க = −5, ச = 15, ட = 20. சமச்சீர் அச்சு 1.5 இல். வர்க்கமூலத்துக்குள் உள்ளது 225 + 400 = 625; அதன் மூலம் 25; அதை 10 ஆல் வகுத்தால் 2.5. ஆக, வெட்டுப்புள்ளிகள் 1.5 + 2.5, 1.5 − 2.5 என்பன.

இங்கு வரலாற்றுச் செய்தி ஒன்றையும் கூறவேண்டும். இவ்வகைக் கணக்குகளை மனிதன் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளாகச் செய்துவருகிறான். ஒரு சதுரத்தின் பரப்போடு அதன் பக்கத்தைக் கூட்டினால் முக்கால் வருகிறது, பக்கம் எவ்வளவு என்ற கணக்கு, பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் விடையோடு காணப்படுகிறது. விடை அரை. அப்பலகை இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் சமன்பாட்டை வளைகோடாக வரைந்து பார்க்கும் எண்ணம் மிகப் பிற்பட்டது. பிரெஞ்சு அறிஞர்களான டேக்கார்ட், ஃபெர்மா ஆகியோரின் பணியால் பதினேழாம் நூற்றாண்டில்தான் அது உருவாயிற்று. டேக்கார்ட்டின் வடிவியல் நூல் 1637 இல் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, எறிபொருளின் பாதை பரவளையம் என்பதை விளக்கும் கலிலியோவின் நூலும் வெளிவந்தது.

மூன்று நிலைகள்

வர்க்கமூலத்துக்குள் இருக்கும் ச² − 4கட என்னும் கோவைக்குத் தன்மைகாட்டி என்று பெயர். அது நேர்க்குறி உடையதானால் வளைகோடு அச்சை இரு இடங்களில் வெட்டும். பூச்சியமானால் ஓரிடத்தில் தொட்டுவிட்டுத் திரும்பும். எதிர்க்குறி உடையதானால் அச்சை அடையவே அடையாது.

நம் பந்து எப்போது 40 மீட்டர் உயரத்தை அடையும் என்று கேட்டுப் பாருங்கள். 20 + 15ந − 5ந² = 40; அதாவது −5ந² + 15ந − 20 = 0. தன்மைகாட்டி 225 − 400 = −175. உச்சியே 31.25 மீட்டர்தான் என்னும்போது 40 மீட்டரைப் பந்து எப்படித் தொடும்? சமன்பாடு "ஒருபோதும் தொடாது" என்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இதை நன்கு உணர்ந்திருந்தார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு 21 ஐக் கூட்டினால் அவ்வெண்ணின் பத்து மடங்கு வருகிறது என்ற அவரது கணக்குக்கு 3, 7 என இரு விடைகளையும் அவர் தருகிறார். கெழுவில் பாதியின் வர்க்கம், கூட்டிய எண்ணைவிடக் குறைவாக இருந்தால் கணக்குக்கு விடையே இல்லை என்றும் எச்சரிக்கிறார். பின்னர் 1545 இல் இத்தாலிய அறிஞர் கார்டானோ, பத்தை இரு பகுதிகளாகப் பிரித்து அவற்றின் பெருக்கற்பலன் 40 ஆக வேண்டும் என்ற கணக்கில் எதிர்க்குறி எண்ணின் வர்க்கமூலத்தைத் துணிந்து எழுதிக் காட்டினார். கலப்பெண்கள் பற்றிய அக்கதை வேறொரு கட்டுரைக்கு உரியது.

தன்மைகாட்டி சொல்லும் மற்றொரு செய்தி

தன்மைகாட்டியின் குறியைப் பார்த்துவிட்டு அதன் அளவை மறந்துவிடுவது நம் வழக்கம். ஸ்ரீதரரின் கடைசி வரியை மீண்டும் பாருங்கள்:

(2கய + ச)² = ச² − 4கட

இடப்புறத்தில் உள்ள 2கய + ச என்பது என்ன? இயற்பியல் மாணவர்களுக்கு அது பழக்கமானதே. பந்தின் உயரச் சமன்பாட்டில் ச என்பது தொடக்க வேகம். க என்பது முடுக்கத்தில் பாதி. ஆகவே 2க என்பது முழு முடுக்கம். 2கந + ச என்றால் "முடுக்கம் × நேரம் + தொடக்க வேகம்". அது அக்கணத்தின் வேகமேதான்! வகைநுண்கணிதம் படித்தவர்கள், வளைகோட்டின் சாய்வு அது என்பதை உடனே காண்பர்.

ஆகவே ஸ்ரீதரரின் வரி கூறுவது இதுதான்: வளைகோடு அச்சை வெட்டும் இடத்தில் அதன் சாய்வின் வர்க்கமே தன்மைகாட்டி. பந்துக்குத் தன்மைகாட்டி 625. அதன் மூலம் 25. பந்து தரையில் மோதும் வேகம் வினாடிக்கு 25 மீட்டர். நேரத்தைக் காணாமலே வேகத்தைக் கண்டுவிட்டோம். ந = −1 இல் தரையிலிருந்து புறப்பட்ட வேகமும் அதே 25 தான்; திசை மட்டுமே வேறு.

உயர்நிலைப் பள்ளியில் மூன்று இயக்கச் சமன்பாடுகளைப் படித்திருப்பீர்கள். மூன்றாவது, "முடிவு வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × தொலைவு" என்பது. இயற்பியல் வகுப்பில் படித்த அச்சமன்பாடும், கணித வகுப்பில் படித்த தன்மைகாட்டியும் ஒன்றே. இரு வகுப்புகளுக்கும் இடையில் உள்ள சுவரால்தான் அது நமக்குத் தெரியாமல் போயிற்று.

பேருந்தும் குறுக்கே வந்த மாடும்

இனி, நேர்ச்சாலையில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பேருந்து வருகிறது. அதாவது வினாடிக்கு 20 மீட்டர். சாலையின் குறுக்கே ஒரு மாடு வந்து நின்றுவிடுகிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். பேருந்தின் வேகம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொள்வோம். பிரேக் பிடித்த கணத்தில் மாடு 30 மீட்டர் தொலைவில் இருந்தால், இருவருக்கும் இடையே உள்ள இடைவெளி

இ = 30 − 20ந + 2.5ந²

மோதல் என்றால் இடைவெளி பூச்சியமாதல். அதாவது வளைகோடு கிடையச்சை வெட்டுதல். தன்மைகாட்டி 400 − 4 × 2.5 × 30 = 100. அது நேர்க்குறி, மோதல் உறுதி. மூலங்கள் (20 ± 10) ÷ 5. அதாவது 2 வினாடி, 6 வினாடி. மோதல் இரண்டாவது வினாடி முடிவில். மோதும் வேகம் √100 = 10; அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர்.

6 வினாடி என்னும் மற்ற மூலம் என்ன சொல்கிறது? பேருந்து மாட்டை ஊடுருவிச் சென்று, நான்காவது வினாடியில் நின்று, பின்பு அதே முடுக்கத்தோடு பின்னோக்கி வந்தால், ஆறாவது வினாடியில் மறுபடியும் மாடு நின்ற இடத்துக்கு வரும். ஆனால் பிரேக், வண்டியை நிறுத்துமே தவிரப் பின்னுக்குத் தள்ளாது. நின்ற கணத்தோடு நம் சமன்பாட்டின் ஆட்சி முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த மூலத்தை விலக்குகிறோம். எதிர்க்குறி உடையது என்பதாலன்று, அது நேர்க்குறிதான். நாம் எழுதிய விதி அந்நேரத்தில் செல்லுபடியாகாது என்பதே காரணம்.

மாடு 40 மீட்டரில் இருந்தால் தன்மைகாட்டி பூச்சியம். பேருந்து மாட்டின் மூக்கைத் தொட்டு நிற்கும். 45 மீட்டரில் இருந்தால் தன்மைகாட்டி −50. வளைகோடு அச்சைத் தொடவில்லை. தேர்வுத்தாளில் "மெய்யெண் விடை இல்லை" என்று நாம் சலிப்போடு எழுதும் அந்நிலை, இங்கே ஓர் உயிர் தப்பிய செய்தியாகிறது.

இப்போது ஒரே மாதிரியான இரு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். மற்றதன் வேகம் 80. இரண்டும் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கின்றன. 60 இல் வந்த வண்டி தடையைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடுகிறது. 80 இல் வந்த வண்டி அத்தடையில் என்ன வேகத்தில் மோதும்? பலரும் 20 என்றுதான் சொல்வார்கள். 80 இலிருந்து 60 போனால் மீதி 20 அல்லவா?

தன்மைகாட்டி வேறு விதமாகச் சொல்கிறது. முதல் வண்டிக்குத் தன்மைகாட்டி பூச்சியம். ஆகவே 4கட இன் மதிப்பு 60 இன் வர்க்கத்துக்குச் சமம்; 3600. இரண்டாவது வண்டிக்கும் அதே தொலைவு, அதே பிரேக்; எனவே அதே 4கட. ஆனால் ச² = 6400. தன்மைகாட்டி 6400 − 3600 = 2800. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 53. முதல் வண்டி முழுமையாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது வண்டி மணிக்கு 53 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது!

உண்மை நிலை இதைவிடக் கடுமையானது. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கே ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிவிடும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடியில் பேருந்து 20 மீட்டர் ஓடிவிடும். நிற்பதற்கு 40 மீட்டர் போதும் என்ற நம் கணக்கு 60 மீட்டராகிறது. சாலை நனைந்திருந்தால் பிரேக்கின் பலன் குறைந்து அத்தொலைவு மேலும் நீளும். "கொஞ்சம்தானே வேகம் கூட்டினேன்" என்று சொல்பவர்களுக்கு இக்கணக்கைப் போட்டுக் காட்டலாம். கூடுவது வேகமல்ல, அதன் வர்க்கம்.

எந்த விடையை ஏற்பது?

மூலங்களைக் கண்டபின் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதில் பாஸ்கரர் காட்டிய கவனம் இன்றும் பாடமாகத் தக்கது. அவருடைய பீஜகணிதத்தில் குரங்குக் கணக்குகள் இரண்டு உண்டு.

முதலாவது: ஒரு குரங்குக் கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, எஞ்சிய 12 குரங்குகள் குன்றின்மேல் உள்ளன. மொத்தம் எத்தனை? ய²/64 + 12 = ய. அதாவது ய² − 64ய + 768 = 0. மூலங்கள் 16, 48. பதினாறில் எட்டில் ஒரு பங்கு 2, வர்க்கம் 4, அதனுடன் 12 சேர்ந்தால் 16. நாற்பத்தெட்டில் எட்டில் ஒரு பங்கு 6, வர்க்கம் 36, அதனுடன் 12 சேர்ந்தால் 48. இரண்டும் பொருந்துகின்றன, இரண்டையும் அவர் ஏற்கிறார்.

இரண்டாவது: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, எஞ்சியதன் வர்க்கம் குகைக்குள் சென்றுவிட்டது; ஒரே ஒரு குரங்கு வெளியே தெரிகிறது. (ய/5 − 3)² + 1 = ய. இதன் மூலங்கள் 50, 5. இரண்டும் நேர்க்குறி முழு எண்கள். ஆயினும் 5 ஐ அவர் ஏற்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு 1. அதில் மூன்றைக் கழித்தால் −2. வர்க்கப்படுத்தும்போது எதிர்க்குறி மறைந்து கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்குகளை எப்படிக் கழிப்பது? எதிர்க்குறி எண்ணிக்கையை உலகோர் ஏற்பதில்லை என்று அவர் காரணம் கூறுகிறார். மூலத்தின் குறியை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. கணக்கின் ஒவ்வொரு படியிலும் மூலத்தைப் பொருத்திப் பார்த்ததால்தான் தெரிந்தது.

கழித்தலில் ஒளிந்துள்ள கண்ணி

சூத்திரத்தைப் பயன்படுத்துவோர் அறியவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ய² − 40ய + 1 = 0 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். மூலங்கள் 20 ± √399. நான்கு இலக்கத் துல்லியத்தில் √399 = 19.97. பெரிய மூலம் 39.97, இதில் குறையில்லை. சிறிய மூலம் 20 − 19.97 = 0.03. ஆனால் சரியான விடை 0.02502. ஐந்தில் ஒரு பங்கு பிழை! ஏறக்குறைய சமமான இரு எண்களைக் கழிக்கும்போது, முன்னிலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், கடைசியில் உள்ள ஐயத்துக்குரிய இலக்கமே எஞ்சுகிறது.

தப்பும் வழி எளிது. இரு மூலங்களின் பெருக்கற்பலன் எப்போதும் ட ÷ க ஆகும். இங்கே அது 1. எனவே சிறிய மூலம் 1 ÷ 39.97 = 0.02502. அதே நான்கு இலக்கங்களைக் கொண்டே சரியான விடை கிடைத்துவிட்டது. முதலில் கழித்தல் வராத மூலத்தைக் கண்டு, பின்பு பெருக்கற்பலனைக் கொண்டு மற்றதைக் காண்பதே நன்று. கணிப்பொறியும் குறிப்பிட்ட இலக்கங்களையே வைத்துக்கொள்வதால் அதற்கும் இவ்விதி பொருந்தும்.

முடிவாக

வளைகோடு அச்சை வெட்டும் இடங்களைக் காண்பது ஐந்து நிமிட வேலை. அவை என்ன சொல்கின்றன என்று கேட்பதில்தான் இயற்பியல் தொடங்குகிறது. ஒரு மூலத்தின்மேல் கோடு போடுமுன், "இதை ஏன் தள்ளுகிறேன்?" என்று தம்மைத் தாமே ஒருமுறை கேட்டுக்கொள்ளும் மாணவர், சூத்திரத்தை மட்டும் அறிந்தவரைவிட அதிகம் அறிந்தவர்.

வாசகர்களுக்கு ஒரு கணக்கு. ஆழமான ஒரு கிணற்றில் கல்லைக் கைநழுவ விடுகிறீர்கள். சரியாக 3 வினாடிகள் கழித்து நீரில் கல் விழுந்த ஒலி கேட்கிறது. ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் என்றும், புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றும் கொள்க. கல் விழுந்த நேரம் ந என்றால் 5ந² = 340(3 − ந). இதைத் தீர்த்தால் கிணற்றின் ஆழம் 41 மீட்டருக்குச் சற்று அதிகம் என்று வரும். இச்சமன்பாட்டுக்கும் எதிர்க்குறியுள்ள மற்றொரு மூலம் இருக்கிறது. அதற்கும் ஒரு பொருள் உண்டு. மாடியில் எறிந்த பந்தை நினைவில் கொண்டு சிந்தித்தால் அது பிடிபடும்.